பேட்டரிக்கு ஜாமீன் கொடுத்தவர்

உலகத்தில் இதுவரை எந்த பேட்டரியும் இயற்கையாகச் செத்ததில்லை, எல்லாமே கொலைதான் என்று நம்புகிற ஒரு மனிதர் எங்கள் கோலார் தங்கவயலுக்கு வாய்த்தார். நம்பியதோடு நிற்காமல், அந்த நம்பிக்கையை வைத்து ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் ஷெட்டும் நடத்தினார். வேறு ஊராக இருந்தால் ஒரே வாரத்தில் விரட்டியிருப்பார்கள். எங்கள் ஊர் அவருக்கு 'பேட்டரி வக்கீல்' என்று பெயர் வைத்து, வரிசையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டது.

அவர் வக்கீலுக்குப் படித்தவர் அல்ல. பல வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு ஆடு யாருடைய வேட்டியையோ மென்றுவிட்ட தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனார். சொன்னார். வழக்கு முடிந்தது. ஆட்டுக்காரரும் வேட்டிக்காரரும் ஒன்றாக டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. அந்தக் கூண்டும், குறுக்கு விசாரணையும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் குரலும் மனிதரை மயக்கிவிட்டன. வேலை இல்லாத நாளெல்லாம் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே நடப்பதெல்லாம் கன்னடத்தில். இவர் அதைத் தமிழாக்கி ஷெட்டுக்குக் கொண்டுவந்து அமல்படுத்தினார். புரியாத இடங்களில் சொந்தமாகச் சட்டம் போட்டுக்கொண்டார்.

ஷெட், நந்திதுர்க் போகிற சாலையில் இருந்தது. நடுவில் ஒரு மர ஸ்டூல், அதற்கு மூன்று பக்கமும் பழைய இரும்புக் கம்பியில் தடுப்பு. அதுதான் கூண்டு. கோளாறான வண்டியோடு யார் போனாலும் வக்கீல் எழுந்து வந்து பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"கட்டிப்போட்ட ஆள விசாரிக்கக் கூடாது. அவுத்துனு வந்து கூண்டுல நிறுத்து."

பேட்டரியைக் கழற்றி, வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து ஸ்டூலில் வைப்பது வண்டிக்காரர் பொறுப்பு. விசாரணை முடிந்து திரும்ப மாட்டுவது மட்டும் அவர் பொறுப்பு. "விடுதல பண்றது கோர்ட்டு வேல" என்பார். ஸ்பேனரைப் போட்டு அவர் ஒரு முடுக்கு முடுக்கினால் யானை இழுத்தாலும் வராது.

பேட்டரி இறங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு ஊட்டிவிடுகிற ஆல்டர்நேட்டர் சரியாக ஊட்டவில்லை. அல்லது ஊட்டியதை வண்டியில் இருக்கிற வேறு ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகத் தின்கிறது. மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை வைத்துப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். நம்மவரும் மீட்டர் வைப்பார். ஆனால் மீட்டர் அவருக்கு வெறும் சாட்சி. முதல் குற்றவாளி எப்போதும் வண்டியின் சொந்தக்காரர்தான்.

ரிட்டயரான ஒரு தலைமையாசிரியர் காரைக் கொண்டுவந்தார். ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது. வக்கீல் அவரை நிற்கவைத்து, முந்தின நாள் எங்கே போனார், டிக்கியில் என்ன வைத்தார், எப்படி மூடினார் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு நீளக் குடை அகப்பட்டது. குடை தடுத்ததால் டிக்கி சரியாக மூடவில்லை. உள்ளே இருக்கிற சின்ன விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. தீர்ப்பைத் தெருவில் வந்து நின்று வாசிப்பதுதான் வக்கீலின் வழக்கம்.

"குடைக்கு எதுக்கு சார் ராத்திரி பூரா வெளக்கு? அது இன்னா பரீட்சைக்கா படிக்குது?"

தெருவில் பாதிப் பேர் அந்தத் தலைமையாசிரியரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

எப்போதும் இப்படிச் சரியாகவே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பால் வண்டி வழக்கில் ஆல்டர்நேட்டர் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லி, வண்டிக்காரரின் மச்சானைக் குற்றவாளி ஆக்கினார். மச்சான் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. மறுநாள் அந்த நிரபராதி ஆல்டர்நேட்டர் நடுரோட்டில் புகைந்தது. பால்காரர் வந்து சட்டையைப் பிடித்தபோது வக்கீல் கொஞ்சமும் அசரவில்லை. "மேல்முறையீட்டுல தீர்ப்பு மாறிச்சிபா. எல்லாக் கோர்ட்லயும் நடக்கறதுதான்" என்றார்.

ஜாமீன் என்றும் ஒன்று வைத்திருந்தார். சந்தேகம் தீராத பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, நிபந்தனை ஜாமீனில் விடுவார். தினமும் சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வந்து, மீட்டரில் கணக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும். டாக்டர், பாதிரியார், கல்யாண மாலையோடு ஒரு புதுமாப்பிள்ளை என்று எல்லோரும் வந்து காட்டிவிட்டுத்தான் போனார்கள். காரணம் ஒன்றுதான். மற்ற கடைகளில் வண்டி நின்றதுமே புது பேட்டரி விலையைச் சொல்வார்கள். இவர் வாயில் மட்டும் "மாத்திடு" என்ற வார்த்தை வராது. அது தூக்குத்தண்டனையாம், தன் கோர்ட்டில் அது கிடையாதாம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

எனக்கு வேலை பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனில். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தவன்தான். திடீரென்று என் ஷிஃப்ட்டைக் காலை ஏழு மணிக்கு மாற்றினார்கள். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயில் கிடையாது. பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கியதில் எங்கள் வீட்டில் அதிக சந்தோஷம் அப்பாவுக்குத்தான். எங்கள் பக்கத்தில் நைனா என்று கூப்பிடுவோம். சுரங்கம் மூடுகிறவரை நைனா லேம்ப் ரூமில் வேலை பார்த்தவர். குழிக்குள் இறங்குகிறவர்கள் தலை விளக்கையும் இடுப்பு பேட்டரியையும் வாங்கிக்கொண்டு போய், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்கிற இடம் அது. அந்த நைனாவுக்கு, வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பது தனக்கே பதவி உயர்வு வந்த மாதிரி. தங்கவயலின் பாலகாட் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எங்களுடையவை. எங்கள் வரிசையில் அதுதான் அப்போது ஒரே கார்.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வர ஆரம்பித்தது. லைன் முழுவதும் லுங்கியோடு வந்து தள்ளும். அப்படித் தள்ளித் தள்ளிக் கிளம்பி, குடோனுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சூபர்வைசர் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: இன்னொரு முறை தாமதமானால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்ளலாம். அவர் கத்தியிருந்தால் கூடப் பயந்திருக்க மாட்டேன். வீட்டில் வருமானம் என்று சொல்ல இருந்தது அந்த ஒரு சம்பளம்தான்.

என் மனைவி செல்வி, காரை விற்றுவிடச் சொன்னாள். நைனா அவளைவிட ஆடிப்போய்விட்டார். "அவசரப்படாத தாயி. வண்டிக்கு ஓய்வு பத்தல" என்று மட்டும் சொன்னார்.

வக்கீலிடம் போனேன். வழக்கம்போலக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடுகிற மூடி எந்தப் பக்கம் என்பதுதான். பேட்டரி முனையில் இருந்த பிடியைக் கையால் திருகினேன், சுலபமாக வந்துவிட்டது. எல்லாக் காரிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூக்கிப் போய்க் கூண்டில் வைத்தேன்.

விசாரணை நடந்தது. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, அவரே மாட்டி, முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். ஆல்டர்நேட்டர் அருமையாக ஊட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கோளாறும் இல்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைலேர்ந்து வந்ததும் நேரா வூட்டுக்குள்ள போறியா, இல்ல வண்டிலயே உக்காந்துனு பாட்டு கேக்கறியா?"

"கொஞ்ச நேரம் கேப்பேண்ணா."

"ஏன்?"

"உள்ள போனா செல்வி காய் வாங்கியாரச் சொல்லும்."

தீர்ப்பு தெருவில் வாசிக்கப்பட்டது. செல்விக்கு அது என்னைவிடச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பாட்டும் கிடையாது, கொஞ்ச நாளைக்குக் காயும் கிடையாது. பேட்டரி மட்டும் ஜாமீனில் வெளியே வந்து, சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, மறுபடி 'டக்' என்றது.

மறுபடி போனேன். மறுபடி நான் கழற்றினேன், அவர் மாட்டினார், எல்லாம் சரியாக இருந்தது. வக்கீலுக்கு அது தாங்கவில்லை.

"கோர்ட்டுக்கு வந்தா ஒழுங்கா கீறான். வூட்டுக்குப் போனா கெட்டுப்போறான். அப்போ குத்தம் உங்க வூட்லதான் கீது. காத்தால எழுந்ததுலேர்ந்து இன்னா நடந்துச்சோ ஒண்ணு வுடாம சொல்லு."

சொன்னேன். பல் விளக்கியது, செல்வி கொடுத்த டப்பா, செருப்பு, சாவி.

"வண்டில ஏறுனதும் இன்னா பாத்த?"

"மணி பாத்தேன்."

"எவ்ளோ?"

"பன்னெண்டே கால்."

"விடியக்காலைல பன்னெண்டே காலா?"

"அந்தக் கடிகாரம் அப்படித்தாண்ணா. பழைய வண்டி இல்ல? டெய்லி பன்னெண்டே கால், பன்னெண்டு இருவதுன்னுதான் காட்டும். திருப்பி வச்சு வச்சு சலிச்சுப்போயி வுட்டுட்டேன்."

வக்கீல் கையில் இருந்த டீ கிளாஸைக் கூண்டின் கம்பியிலேயே வைத்தார். அது விழுந்து உடைந்தது. அவர் கவனிக்கவில்லை.

"டேய், பேட்டரிய அவுத்து மாட்டுனா அந்தக் கடிகாரம் பன்னெண்டுலேர்ந்து எண்ண ஆரம்பிக்கும்டா. நீ வண்டி ஏற்றதுக்கு கால் மணி நேரம் முன்னாடி எவனோ மாட்டிகினு போறான். டெய்லி."

யாரோ என் வேலைக்கு உலை வைக்கிறார்கள். வரிசை வீடுகளில் யார் யார் என் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். போகப் போக, தள்ளிவிட்ட அத்தனை பேருமே சந்தேகத்துக்கு உரியவர்களாகத் தெரிந்தார்கள். வக்கீல் வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்தல விசாரணைக்கு உத்தரவிட்டார். மறுநாள் காலை என் வீட்டில். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. "மாட்னான்னா, லைன் பூரா கூட்டி வச்சு தீர்ப்பு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நிஜமான குற்றவாளி ஒருவன் கிடைப்பதற்காக அவர் அத்தனை வருடம் காத்திருந்தார்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே, தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வக்கீல் வந்துவிட்டார். முழங்கால் வரை தொங்குகிற ஒரு கறுப்புக் கோட்டு. சந்தையில் எடுத்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் ட்ரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தார். கோட்டு அடங்கவில்லை, பாதி வெளியே வழிந்தது. எதிர் வீட்டு நாய் வந்து அதை மோந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போனது. நான் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவுதான். மங்கி குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு நைனா வெளியே வந்தார். நேராகக் காருக்குப் போனார். பானெட்டைச் சத்தமில்லாமல் தூக்கினார்.

வக்கீல் ட்ரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா பெரியவரே பண்றீங்க?"

நைனா துளியும் பதறவில்லை. தெரிந்த தொழிலைச் செய்கிறவர் எதற்குப் பதற வேண்டும்?

"பேட்டரிய கட்டறேன். லேம்ப் ரூம்ல இப்டிதான்பா. ஷிஃப்ட்டு முடிஞ்சி ஏறி வந்தா ஒடனே அவுத்துடணும். கட்டியே வுட்டா ராத்திரி பூரா கரைஞ்சிகினே இருக்கும். நைட்டு சாப்ட்டதும் அவுத்து வுட்றுவேன். புள்ள போவசொல்ல கட்டி வுட்றுவேன்."

"எதால கட்டறீங்க?"

"கையாலதான். நைட்டு திருப்பி அவுக்கணுமே. நீ முடுக்கி வுட்ட அன்னிக்கு மட்டும் கொறடு போட்டு அவுப்பேன்."

பார்த்தீர்களா விஷயத்தை? கையால் திருகிய பிடி, பேட்டரி முனையை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. ரோட்டில் ஆடி ஆடி இன்னும் தளர்கிறது. ஆல்டர்நேட்டர் வழியெல்லாம் ஊட்டுகிறது; பேட்டரிக்குப் பாதி கூடப் போய்ச் சேரவில்லை. ஷெட்டுக்குப் போனாலோ, வக்கீலின் சட்டப்படி தளர்ந்த பிடியை நானே கழற்றிவிடுகிறேன், அவர் முடுக்கி மாட்டிவிடுகிறார். இருந்த ஒரே சாட்சியத்தை எங்கள் கோர்ட்டு ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே அழித்திருக்கிறது.

நைனா குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"வண்டி நின்னு நின்னு போவுதுபா. அதனாலதான் இப்போ இன்னும் சீக்கிரமாவே அவுத்துட்றேன், நல்லா ஓய்வு கெடைக்கட்டும்னு. இந்தப் புள்ளைக்கு வேல போவக் கூடாது. சொரங்கத்து கேட்ட இழுத்துப் பூட்னப்போ எப்டி இருந்துச்சின்னு நான் பாத்தவன். அந்தக் கஷ்டம் இந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்."

என் வாயில் இருந்த பேஸ்ட்டை நான் எப்போது விழுங்கினேன் என்று தெரியவில்லை.

வக்கீல் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தார். நைனாவிடம் கொடுத்தார்.

"கெட்டியா கட்டுங்க. லேம்ப் பேட்டரிக்கு ரூமுக்கு வந்தாதான் சாப்பாடு. இது வேற மாதிரி. வண்டில ஓடசொல்லதான் சாப்புடும். பிடி லூசா இருந்தா பட்னி."

நைனா குனிந்து பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"உங்கள யார் இன்னா சொன்னாங்க? ஒரு நாள் கூட மறக்காம கட்டிக்கீறீங்க. முடுக்குங்க, முடுக்குங்க. புள்ளைக்கு டைம் ஆவுது."

நைனா முடுக்கினார். நான் வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். சத்தம் கேட்டுச் செல்வி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கம்போலத் தள்ளுவதற்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் அவரே கூட்டாமல் கூடிவிட்டது. நைனா பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு தீர்ப்பையும் முணுமுணுத்தது கிடையாது.

வக்கீல் தொண்டையைச் செருமினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுக்குங்க. விசாரணைல தெரிய வந்தது இன்னான்னா, குத்தவாளி ரோடு. பள்ளத்துல எறங்கி எறங்கி டெர்மினலு லூசாயிடுச்சி. வண்டிக்காரன் மேல தப்பு இல்ல. வூட்ல யார் மேலயும் தப்பு இல்ல. இனிமே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம டைட்டு பாக்கற பொறுப்பு, பேட்டரில சர்வீஸ் உள்ள ஆளு, பெரியவருகிட்ட ஒப்படைக்கப்படுது. அவ்ளோதான், கலைங்க."

ரோட்டுக்கு எதிராக அப்பீல் செய்ய யாரும் இல்லை. நைனாதான் முதலில் குரல் கொடுத்தார். ரோட்டை ஆரம்பத்திலிருந்து திட்டினார். கான்ட்ராக்டரை, தாரை, ஜல்லியை, மழையை, ஒன்றையும் விடவில்லை. ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. அதை ஆட்டி ஆட்டிப் பேசினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அன்றைக்கு நான் கேட்டுக்குள் நுழைந்தபோது சூபர்வைசர் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த பேட்டரி அதற்குப் பிறகு என்னைத் தெருவில் நிற்கவைத்ததே இல்லை. வேலை இன்றுவரை இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வக்கீலைப் பார்த்தேன். முள்ளங்கிக்காரியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் ஜன்னல்லேர்ந்து எல்லாம் பாத்தேன்."

அவர் முள்ளங்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ன யாரு சாட்சிக்குக் கூப்ட்டா? போ, காய் வாங்கிகினு வூட்டுக்குப் போ."

அந்த ஆளை நான் என் ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்வேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. என் எதிரில் வேறு யாராவது செய்தால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வருகிறது.